பன்னிரண்டாவது இராசமலர்

"பிள்ளைக்கு என்ன பெயர், தங்கச்சி?"

"இராசமலர்."

இலிகிதர் குணரத்தினம் எழுதினார். புயலுக்கு முந்திய பத்து வருடங்களில் இந்தப் பெயர் பிறப்புப் பதிவேட்டில் இரண்டு தடவைதான் வந்தது. புயலுக்குப் பிறகு, ஒரே வருடத்தில் இது பன்னிரண்டாவது.

"சல்லி ஊர் முழுக்க ஒரே பெயரோ? வேற வையும், பதிவு குழம்பும்," என்றார் புதிதாக வந்த பதிவாளர்.

"ஏலாது, ஐயா. என்ர மூத்தவனை எடுத்த மருத்துவிச்சி அவ. புயலுக்குள்ள பிள்ளைப்பேறு பார்க்க வந்து செத்துப்போனா. அவவின்ர பெயர் சொல்ல ஒரு பிள்ளையுமில்லை."

"அப்ப அவவுக்கு வயித்தில ஏழு மாதம்," என்றார் குணரத்தினம், தலை நிமிராமல்.

"உமக்கெப்பிடித் தெரியும்?" என்றார் பதிவாளர்.

குணரத்தினம் மையை ஒற்றினார்.

"பெட்டை பிறந்தால் வைக்கிறதுக்கு நானும் அவவும் வேற பெயர் பார்த்து வைச்சிருந்தனாங்கள், ஐயா."