தகடு சுடவில்லை

கே.கே. நகர் வீட்டுக் கூடத்தில் பழைய டி.வி.யின் முதுகு திறந்து கிடக்கிறது. இருபது நிமிடம் ஓடியதும் படம் ஒற்றைக் கோடாகச் சுருங்கிவிட, தென்னூரிலிருந்து வந்த மெக்கானிக் ரசூல் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தூசிக்குள் விரலை நீட்டுகிறார். படத்தை விரித்துக் காட்டும் ஐ.சி. தொட முடியாமல் கொதிக்கிறது. அந்தச் சூட்டை இழுத்துக்கொள்ள வேண்டிய அலுமினியத் தகடோ சில்லென்று இருக்கிறது. இரண்டையும் சேர்த்து இறுக்கும் ஸ்க்ரூ இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை. பக்கத்திலேயே மூன்று மாதத்துக்கு முந்தைய ஒரு தேதி, அதன் கீழே ‘ர’. ரிப்பேர் பார்த்த பெட்டிக்குள்ளெல்லாம் மார்க்கரால் அவர் பெருமையாகப் போட்டு வைக்கும் அடையாளம். “நாள் முழுக்கப் போட்டுக்கிட்டே இருந்தா சூடாகாம என்னங்க செய்யும்? சொன்னா மாமா கேக்குறதே இல்ல,” என்கிறாள் அடுப்படியிலிருந்து மலர்க்கொடி. டார்ச் பிடித்து நிற்கும் அவள் மாமனார் செல்லக்கண்ணு குரலைத் தாழ்த்துகிறார்: “இனிமே நியூஸ் மட்டும்தான் பாப்பேன் பாய்.” ரசூலுக்குக் காது மடல் சுடுகிறது. “இல்லங்கய்யா, அது வந்து...” என்று அவர் ஆரம்பிக்கும்போது மிக்ஸி அலறுகிறது. அது நின்றதும், “இன்னும் கிட்ட காட்டட்டுமா?” என்று டார்ச்சோடு குனிகிறார் பெரியவர். ரசூலின் கட்டைவிரல் நகர்ந்து அந்த ‘ர’வை மூடிக்கொள்கிறது.