சிவப்பு பிக்கப்

கல்யாணம் முடிந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. பாண்டிருப்பு வீட்டு முற்றத்தில் நின்ற பழைய மொரிஸ் பிக்கப்பை விட்டு நிரோஜினியால் கண்ணை எடுக்க முடியவில்லை. அப்பா வல்லிபுரம் ஒரு வருடமாகத் தன் கையாலேயே அதைக் கழற்றிப் பூட்டியிருந்தார். பின்பெட்டிக்குக் கூரை போட்டு, இருவர் படுக்க மெத்தையும், தேத்தண்ணி வைக்க அடுப்பும் பொருத்தியிருந்தார்.

"நீலம் அடிச்சிருக்கலாம் அப்பா."

"அம்மாக்குச் சிவப்புத்தான் விருப்பம் மகள்."

போகட்டும் என்று விட்டுவிட்டாள். வீட்டைச் சீதனமாகத் தந்த அப்பா, தேனிலவுக்கு வண்டியும் செய்து தருகிறார். நிறத்துக்கா சண்டை பிடிப்பது?

"ஸ்டார்ட் பண்ணுங்க மாமா," என்றான் புதுமாப்பிள்ளை வினோஜ்.

எஞ்சின் இருமி அடங்கியது. மறுபடி இருமியது. பிறகு முற்றமே அதிரப் பிடித்துக்கொண்டது. நிரோஜினி துள்ளிக்கொண்டு உள்ளே ஓடி, கட்டி வைத்திருந்த பையோடு வந்தாள்.

முன்சீட்டில் அம்மா, பட்டுச்சேலையும் ஸ்வெட்டருமாக உட்கார்ந்திருந்தாள்.

"எங்க அம்மா போறீங்க?"

"நுவரெலியாக்கு. கலியாணம் முடிச்ச நாளையில இருந்து கூட்டிப் போறன் எண்டு இந்த மனிசன் சொல்லிச் சொல்லியே காலம் போய், உன்னையும் கட்டிக் குடுத்தாச்சு. வீடுதான் உனக்கு. வண்டி எனக்கு."

அப்பா வீட்டுச் சாவியை மகளின் கையில் வைத்தார். வினோஜ் சிரிப்பை அடக்கிக்கொண்டு வாசல் படலையைத் திறந்துவிட்டான்.

"வரக்குள்ள உனக்கு என்ன வாங்கிட்டு வாறது மகள்?" என்று கேட்டார் அப்பா.

பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "ஸ்ட்ரோபெரி," என்றாள் நிரோஜினி.