வேல்சாமி சார் சொன்னால் சரி

"வேல்சாமி சார் இதை ஒத்துக்கவே மாட்டாரு" என்று கௌதம்ராஜ் கையை விரித்தான். "அவரு தொடாதீங்கன்னு எழுதி வச்ச இடத்துலயே போயி கைய வச்சிருக்கே."

எதிரே நின்ற யுவராணி அசையவில்லை. வேலைக்குச் சேர்ந்து பதினெட்டு நாள்தான் ஆகிறது. சேத்தூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து போகிற பெண்ணுக்கு இவ்வளவு நெஞ்சழுத்தம் ஆகாது என்று அவனுக்குத் தோன்றியது.

இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணிக் கிட்டங்கிக்கு மேல்மாடியில் இருந்தது அவன் சாப்ட்வேர் கம்பெனி. கம்ப்யூட்டரின் பிராசசர் எந்த வழியாகப் போனது, எங்கே திரும்பியது என்று அடிக்கு அடி பதிவு செய்கிற வசதி ஒன்று உண்டு. அதை இயக்க, கம்ப்யூட்டரின் அடிப்படை சாப்ட்வேரான கெர்னலுக்குள் டிரைவர் என்கிற சின்ன புரோகிராம் ஒன்று இருக்கிறது. பதிவை ஆன் செய்தால் மெஷின் முப்பது சதவீதம் மந்தமாகிவிடுகிறது. இன்று சாயங்காலத்துக்குள் அதைக் குறைத்துக் கொடுக்காவிட்டால் வாடிக்கையாளர் வேறு கம்பெனியைப் பார்த்துப் போய்விடுவார்.

"பிராசசர் ஒரு வேலைய விட்டு இன்னொண்ணுக்கு மாறும்போதெல்லாம் டிரைவர் அதே நம்பரை மறுபடியும் ரெஜிஸ்டர்ல எழுதுது சார்" என்றாள் யுவராணி. "டிக்கெட் வாங்குனவனுக்கே ஸ்டாப்புக்கு ஸ்டாப் டிக்கெட் கிழிக்கிற கண்டக்டர் மாதிரி. நம்பர் மாறுனா மட்டும் எழுதுன்னு மாத்திட்டேன். முப்பது இப்பம் நாலாயிருச்சு."

"நாலு சரிம்மா. இதுக்கு என்ன சொல்லுதே?"

கௌதம்ராஜ் திரையைத் திருப்பிக் காட்டினான். அந்த வரிக்கு மேலேயே ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு இருந்தது: ஒவ்வொரு முறையும் எழுதியே ஆக வேண்டும், யாரும் மாற்ற வேண்டாம். கீழே பெயர், ஒய். வேல்சாமி.

அந்தப் பெயர் மேல் அவனுக்குத் தனி பக்தி. கெர்னல் எழுதுகிறவர்கள் உலகம் முழுக்க மெயிலில் பேசிக்கொள்கிற மெயிலிங் லிஸ்டில் வெள்ளைக்காரர்களே 'டியர் வேல்சாமி' என்று பணிவாகச் சந்தேகம் கேட்கிற ஆள். வயது அறுபது இருக்கும், ஜெர்மனியில் செட்டில் ஆகியிருப்பார், எப்படியும் நம்ம பக்கத்துக்காரர்தான் என்று பெங்களூர் நண்பர்களிடம் அளந்தும் விட்டிருக்கிறான். நேரில் பார்த்ததில்லை, அதனாலென்ன.

"அது பழைய சிப்புக்கு எழுதுனது சார். அந்தச் சிப்பு தூங்கி எந்திரிச்சா நம்பரை மறந்துரும். புது சிப்பு மறக்காது. எல்லாத்துக்கும் சேத்து அப்படி எழுதுனது தப்பு."

"வேல்சாமி சார் தப்பா?"

"யாரு எழுதுனா என்ன சார், தப்பு தப்புதான்."

கௌதம்ராஜுக்குச் சுருக்கென்றது. "இம்புட்டு வாய் ஆகாதும்மா. மாத்துனதை எடுத்துரு."

"எடுக்க மாட்டேன். வேணும்னா என்னைய எடுத்துருங்க. ஒரு பேருக்குப் பயந்துக்கிட்டு, நல்லா ஓடுறதக் கெடுக்க என்னால முடியாது."

பக்கத்து மேசைகளில் கீபோர்டு சத்தம் நின்றது. இத்தனை பேர் பார்க்க இவளிடம் தோற்பதா என்று அவனுக்கு ரோஷம் வந்தது.

"சரி, உன் மாத்தத்தை லிஸ்ட்ல போடு. வேல்சாமி சார் வாயால சரின்னு வந்தா நானே கையெழுத்துப் போட்டு அனுப்புதேன். வரலைன்னா திங்கக்கிழமை நீ வர வேண்டாம்."

"பொறவு பேச்சு மாற மாட்டீங்கள்லா?"

"மாற மாட்டேன்."

யுவராணி தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தாள். அவளுடைய மாற்றம் கம்பெனி பெயரில் லிஸ்டில் ஏறியது. கௌதம்ராஜ் டீ டம்ளரை வாயில் வைப்பதற்குள் பதிலும் வந்துவிட்டது.

'அந்தக் குறிப்பு என் தவறு. புது சிப்புகளுக்கு இந்த மாற்றமே சரி. வேல்சாமி.'

அவன் இரண்டு தரம் படித்தான். கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை. "பாத்தியா, எம்புட்டுப் பெரிய மனுசன். தப்பைத் தப்புன்னு ஒத்துக்கிட ஒரு மனசு வேணும்லா. அவருட்ட இருந்து நீ கத்துக்கணும்."

சொன்ன சொல் மாறாமல் அப்போதே வாடிக்கையாளருக்கு அனுப்பியும் வைத்தான். அதோடு மனசு நிறையவில்லை. "அவருக்கு ஒரு போன் போட்டு நன்றி சொல்லணும். நம்பர் யாருட்ட இருக்கும்?"

"எங்கிட்ட இருக்கு சார். ஆனா இப்பம் எடுக்க மாட்டாவ, வாழைக்குத் தண்ணி பாய்ச்சிட்டிருப்பாவ."

"வேல்சாமி சாரா? ஜெர்மனியிலயா?"

"சேத்தூர்ல."

கௌதம்ராஜ் டம்ளரைக் கீழே வைத்தான். யுவராணி நிதானமாகச் சொன்னாள்:

"லிஸ்ட்ல சேரும்போது கடைசிப் பேரு என்னன்னு கேட்டுச்சு சார், நான் என் ஒய்க்குப் பின்னால எங்கப்பா பேரைப் போட்டேன்."