சுருங்காத நாள்

வேலை முடிந்ததும் தலையில் பட்டை மாட்டி, அன்றைய நினைவு முழுவதையும் கம்பெனி சர்வருக்கு பேக்கப் கொடுத்துவிட்டுத்தான் எங்கள் கிடங்கில் யாரும் வீட்டுக்குப் போக முடியும். ஒரு வாரமாக அந்த பேக்கப் ஆமையாய் ஊர்ந்தது. நெட்வொர்க் பார்க்கிற நான் கேபிள், சுவிட்ச் எல்லாவற்றையும் சோதித்தேன். எதிலும் கோளாறு இல்லை. பார்சல் ஒட்டும் செல்லக்கிளியக்காவின் நாள்தான் லைனை அடைத்துக்கொண்டிருந்தது. மற்றவர்கள் மனதில் நாள் முழுக்க ஒன்றே திரும்பத் திரும்ப ஓடுவதால், சர்வர் அதைச் சுருக்கி நொடியில் விழுங்கிவிடும். அக்காவின் நாள் மட்டும் சுருங்கவேயில்லை.

"என்னக்கா பண்றீங்க?"

"ஒவ்வொரு பார்சலுக்கும் மேனேஜரை மனசுக்குள்ள ஒரு திட்டு. ஒருதடவ திட்டினதைத் திரும்பத் திட்ட மாட்டேன்."

"எல்லாம் பதிவாகுதேக்கா!"

"ஆகட்டுமே. என் நாள் வேணும்னா கம்பெனி அதை முழுசா தூக்கிச் சுமக்கட்டும்."

மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். "யாரால ஸ்லோ ஆகுதுன்னு சொல்லு, இன்னைக்கே வேலையை விட்டுத் தூக்கிடறேன்."

"ஒரு ஆள் இல்ல சார், பரவுது" என்றேன். அவர் முகத்தைப் பார்த்தபடியே என் முதல் திட்டை மனதுக்குள் ஆரம்பித்தேன்.