கட்டைவிரல் துளை

பௌலிங் விளையாட்டுக் கூடத்து மெக்கானிக் பந்தைத் திருப்பி டியூப் லைட் வெளிச்சத்தில் பிடிக்கிறார். எதிரே நிற்பவனின் செத்துப்போன மனைவி விரல்களை நுழைத்து உருட்டிய பந்து அது. இதுவரை ஒரு பந்தும் உருட்டியறியாத புருஷன், துளைகளைத் தன் கைக்குப் பெரிசாக்கக் கொண்டுவந்திருக்கிறான். கட்டைவிரல் துளைக்குள்ளிருந்து டேப் துண்டுகளை அவர் ஒவ்வொன்றாக உரித்து மேஜை விளிம்பில் ஒட்டுகிறார். ஏழு துண்டுகள். “விரல் மெலிஞ்சா பிடி நழுவும், அதுக்குத்தான் உள்ளே டேப் ஒட்டுறது. இவங்க ஏன் சார் இத்தனை ஒட்டியிருக்காங்க?” அவன் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுகிறான். ‘எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்’ என்று, உடம்புக்கு என்ன என்று எப்போது கேட்டாலும் சிரித்தவள், ஆஸ்பத்திரியில் சேர்த்த பத்தாம் நாளே போய்விட்டாள். ஏழு துண்டுகளிலும் அவள் விரலின் வளைவு அப்படியே இருக்கிறது. “அளவெடுக்கணும், கட்டைவிரலை நீட்டுங்க சார்.” அவன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறான்.