மூடிய ஷாஃப்டின் இன்ஜின்

"பழைய இன்ஜின ரிப்பேர் பண்ணச் சொல்லிட்டாங்க மச்சான்! ஷாஃப்ட்ட தொறக்கப் போறாங்க!" என்று கத்திக்கொண்டே வந்தான் ஃபிட்டர் டக்ளஸ்.

அவன் மனைவியின் அண்ணன் தேவசகாயம் மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்டை மூடியதிலிருந்து அவனுக்கு வேலையில்லை. பங்காருபேட்டை மரக்கடையில் ஆள் கேட்டிருந்தார்கள்.

"இன்னா, மெய்யாலுமா?"

"பின்ன, ஆளுங்கள கேஜுல ஏத்தி கீழ இறக்காம அந்த இன்ஜின் எதுக்கு? எங்கியும் போவாத."

தேவசகாயம் மூட்டையை அவிழ்த்தான். மரக்கடை வேலை இன்னொருவனுக்குப் போனது.

டக்ளஸ் பேய்போல உழைத்தான். துருப்பிடித்த சிலிண்டரைத் தேய்த்தான், பிரேக்குக்குப் புதுக் கட்டை செதுக்கினான். வேலை போனவர்கள் வீடுகளிலிருந்து அவனுக்கு டீ வந்துகொண்டே இருந்தது.

ஒரு காலையில் ஆவி சீறியது. சக்கரம் சுழன்று கம்பி வடம் நகர்ந்தது. வேலிக்கு வெளியே கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். தேவசகாயம் அழுதேவிட்டான்.

"பேஷ்!" என்றார் சுரங்க சூப்பிரண்டு.

"ஆளுங்க எப்ப சார் இறங்கணும்?" என்று கேட்டான் டக்ளஸ்.

"நாளைக்கே. நாலு பேர் போதும்."

"நாலே பேரா?"

"அடியில் தண்ணீர் இறைக்கிற பம்புகளைக் கழற்றி மேலே ஏற்றணும். வேறு சுரங்கத்துக்கு வேணுமாம். அதுக்குத்தானே இந்த இன்ஜின்!"

"பம்ப எடுத்துட்டா ஷாஃப்ட் பூரா தண்ணி ரொம்பிடுமே சார்!"

"நிரம்பட்டும். இனிமேல் அங்கே யாருக்கு என்ன வேலை?"

டக்ளஸ் வேலிக்கு வெளியே வந்தான். தேவசகாயம் ஓடிவந்து அவன் எண்ணெய்க் கையைப் பற்றிக்கொண்டான்.

"கேட்டியா மச்சான்? எனக்கு எந்த ஷிப்டாம்?"