சின்னத்தாய் அழுகிறாள்

“உப்பும் இல்ல, ஒறைப்பும் இல்ல. இத எப்படிலா முழுங்குறது?”

சாப்பாட்டுக் கடைக் கல்லாவிலிருந்து ஷேக் தாவூது போட்ட சத்தம் அடுக்களைவரை கேட்டது. மீன்கறியைக் கிளறிக்கொண்டிருந்த அவர் மனைவி ரஹ்மத்தின் கை அப்படியே நின்றது.

கறியைத்தான் சொல்கிறார் என்றால் அவள் கவலைப்பட்டிருக்க மாட்டாள். ஒரு பிடி உப்பை அள்ளிப் போட்டால் தீர்ந்தது. அவர் குறை சொன்னது ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் வரும் தொடர்கதையை.

“கதைன்னா அழுகை வரணும்லா, பாய்,” என்றார் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிப்போகும் லோரி ஓட்டும் காளியண்ணன், ரொட்டியைப் பிய்த்தபடி.

“வரட்டும். அதுக்காக சின்னத்தாய் வாராவாரமா அழுவா? புருஷன் அடிக்கிறான், அழுவுறா. மாமியா ஏசுறா, அழுவுறா. தோட்டத்து லயத்து வீடுகள்ல எத்தன பொம்பளைங்க இருக்காங்க! தண்ணி பிடிக்கிற எடத்துல ஒருத்தியாச்சும் ‘என்னடி ஆச்சு’ன்னு கேக்க மாட்டாளா? எழுதுறவன் நல்லாத்தான் எழுதுறான். ஆனா சுத்திப் பாக்க மாட்டேங்கிறான்.”

எழுதுகிறவன் பெயர் ‘ஆற்றங்கரையான்’. அந்தப் பெயருக்குள் ஒளிந்திருப்பது ரஹ்மத்துதான் என்பது பத்தாங் பெர்ஜுந்தாய் ஊரிலேயே பள்ளிக்கூடத்து லில்லியன் டீச்சருக்கு மட்டுமே தெரியும். புருஷன் காதுக்குப் போனால், பொம்பளைக்கு எதற்கு இந்த வேலை என்று நிறுத்திவிடுவாரோ என்று பயம்.

வெள்ளிக்கிழமை கடையை அடைத்துவிட்டு அவர் ஜும்மாவுக்குப் போவார். தொழுகை முடிந்தும் யாரோடாவது பேசிக்கொண்டு நின்றுவிட்டு மெதுவாகத்தான் திரும்புவார். அதற்குள் வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்து அவசர அவசரமாக எழுதிவிடுவாள். லில்லியன் தபாலில் சேர்ப்பாள்.

அன்று மத்தியானம் லில்லியன் சோறு வாங்க வந்தபோது ரஹ்மத் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“போதும் டீச்சர். விடிஞ்சா அடுப்பு, அடைஞ்சா அடுப்பு. நடுவுல திருடித் திருடி எழுதுறேன். அதுக்கும் ஏச்சு. இந்த வாரம் சின்னத்தாயக் கெணத்துல தள்ளிட்டுக் கதைய முடிச்சிடப் போறேன்.”

“ஒங்கள எங்க ஏசினாரு, அக்கா? சின்னத்தாய்க்காகத்தான பேசினாரு,” என்றாள் லில்லியன். “பிடிக்காத கதைக்கு யாராச்சும் இவ்வளவு கோவப்படுவாங்களா?”

ரஹ்மத் சோற்றுப் பொட்டலத்தைக் கட்டி நீட்டினாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. சின்னத்தாயைக் கிணற்றடிவரை நடத்திவிட்டாள். அதற்குமேல் பேனா ஓடவில்லை.

அந்த மனுஷன் சொன்னது உண்மைதானே! தன் கண் கொஞ்சம் கலங்கியிருந்தால்கூட, மீன் கொண்டுவரும் காளியம்மா துருவித் துருவிக் கேட்காமல் போக மாட்டாளே. இதை எழுதத் தோன்றாமல் போயிற்றே.

எழுதிய தாளைக் கசக்கி அடுப்பில் போட்டாள். அலுப்போடு முதலிலிருந்து தொடங்கினாள். குழாயடியில் ஒருத்தி குடத்தை இறக்கிவைத்துவிட்டுச் சின்னத்தாயின் கையைப் பிடித்தாள். “இன்னிக்கு என் வீட்டுல வந்து படு,” என்றாள். சின்னத்தாய் முதல்முறையாக அழாமல் பேசினாள்.

அது அச்சாகி வந்த ஞாயிறன்று ஷேக் தாவூது சத்தமே இல்லாமல் படித்தார். “என்ன பாய், வாயத் தொறக்கக் காணோம்?” என்று காளியண்ணன் சீண்டியும் பத்திரிகையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

ரஹ்மத் அடுக்களையிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பானையை இறக்கிவைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தாள். இதுவும் பிடிக்கவில்லை போலிருக்கிறது. இனி எதை மாற்றி எழுத?

கூட்டம் கலைந்ததும் பத்திரிகையை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் அடுக்களைக்குள் வந்தார். அடுப்பைத் தணித்தார். அவள் கையிலிருந்த கரண்டியை வாங்கிக் கீழே வைத்தார்.

“அடுத்த வாரமாச்சும் அவளக் கொஞ்சம் சிரிக்க வையி, ரஹ்மத்து.”